நுரை அவன், கத்தி நான்

மாஸ்டரின் சலூனில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முகம் முழுக்க சோப்பு நுரையோடு ஆட்கள் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டிய துணியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த நாற்காலிக்கு நடந்து போவார்கள். வழியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கமும் சொல்வார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தெருக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

இரண்டு நாற்காலியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவைதான். அதே சிவப்பு ரெக்சின், எதிரே அதே அளவுக் கண்ணாடி. முதல் நாற்காலிக்குப் பின்னால் மாஸ்டர் நிற்பார். இரண்டாவதற்குப் பின்னால் புதுசு நிற்பான்.

அவனை எல்லோரும் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். வந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவனுக்குப் பிறகு போட்ட தார் ரோடே குண்டும் குழியுமாகிவிட்டது. அவன் மட்டும் இன்னும் புதுசு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். அங்கேயும் இதே பேச்சுதான். வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுப்பார்கள், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடும். அதனால் அவன் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டான். சலூன்காரனுக்குப் பேச்சு பாதி வேலை. அந்தப் பாதியை அவன் வந்த புதிதிலேயே விட்டுவிட்டான்.

மாஸ்டர் அவனை வேலைக்குச் சேர்த்தது இரக்கப்பட்டு என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் உண்மை, மிச்சம் தோள்பட்டை. அவருக்கு வலது கையைத் தூக்கினால் சுள்ளென்று வலி பிடித்து விரல் வரைக்கும் இறங்கும். பாதி வேலையை வேறு ஆளிடம் கொடுக்காவிட்டால் சீக்கிரத்தில் முழு வேலையையும் விட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டார். மாஸ்டர் உள்ளூரில் ஆள் தேடினார். உள்ளூர்ப் பையன்கள் ஏசி வைத்த பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் இவன் வந்து வாசலில் நின்றான். தெருவில் போன பழ வியாபாரியைப் பிடித்து, காசு வேண்டாம் என்று ஆசைகாட்டி உட்காரவைத்து, ஒரு தலை வெட்டிக் காட்டச் சொன்னார் மாஸ்டர். வெட்டினான். முகமும் மழித்தான். கத்தி காகிதத்தில் போவதுபோலப் போயிற்று. "சாப்பிட்டியா?" என்று கேட்டார் மாஸ்டர். வேலை கொடுத்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. அவசரக்காரர்கள் அவனிடம் உட்கார்ந்தார்கள். பிறகு எங்கேயோ ஓர் ஊரில், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் யாரையோ கத்தியால் கிழித்துவிட்டான் என்று ஒரு சேதி வந்தது. எந்த ஊர் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கிழித்தானா, கிழிபட்டானா என்பதுகூட ஒழுங்காகத் தெரியாது. ஆனால் தெரு முழுக்க அதே பேச்சு. அதை ஒலிபரப்பியவர் எதிர்ச்சாரியில் குழாய், பெயின்ட், ஆணி விற்கும் கடைக்காரர். ஊரே அவரை ரேடியோ என்று கூப்பிடும். வீட்டு வாடகை ஏறினால் அந்தப் பக்கத்து ஆட்கள், பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள், மழை தள்ளிப்போனால்கூட எப்படியோ சுற்றிவளைத்து அவர்களிடம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

"முடி வெட்டுறது ஓகே மாஸ்டர்" என்றார் ரேடியோ, அவனுக்கும் கேட்கும்படியாகவே. "கத்தியை அவன் கையில கொடுத்துட்டு நான் கழுத்தை நீட்டறதா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

இரண்டாவது நாற்காலி ஈ ஓட்ட ஆரம்பித்தது. பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு மாஸ்டருக்காகத் தவம் கிடந்தார்கள். பொறுமை இல்லாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். மாஸ்டரின் தோள் ராத்திரியெல்லாம் வலியில் தெறித்தது.

அப்போதுதான் மாஸ்டரின் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் வருத்தம் வரக் கூடாது, யாரும் கோபித்துக்கொண்டு போகக் கூடாது, கடையும் நடக்க வேண்டும் என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "நுரை அவன், கத்தி நான்" என்று வாடிக்கையாளர்களிடம் அறிவித்தார். கத்தரியும் மிஷினும் புதுசு பிடிப்பான். நுரையும் அவனே போடுவான். கத்தி படுகிற வேலை வந்தால், அது முகமோ பிடரி ஓரமோ, ஆள் எழுந்து முதல் நாற்காலிக்கு வந்துவிட வேண்டும்.

தெரு ஏற்றுக்கொண்டது. கூட்டம் திரும்பி வந்தது. மாஸ்டரைப்போல எல்லாரையும் அனுசரித்துப்போகிற ஆள் உண்டா என்று நாலு பேர் பாராட்டினார்கள். மாஸ்டருக்கும் உச்சி குளிர்ந்துபோனது. புதுசைக் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. சொன்னார். அவன் தலையை ஆட்டினான். தன் கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி, இழுப்பறையின் அடியில் வைத்தான். அதன் பிறகு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

மாஸ்டர் தன் தலைக்கு மச்சானிடம்தான் போவார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறவன். ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொள்வது கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற பழக்கம். மாதத்தில் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து, வெட்டிக்கொண்டு, முகம் மழித்துக்கொண்டு, மாமனார் வீட்டு வம்பையெல்லாம் கேட்டுவிட்டு வருவார்.

அன்றைக்கும் அப்படித்தான் போய்விட்டு வந்தார். புதுத் தலையோடு, பவுடர் வாசத்தோடு கடைக்குள் நுழைந்தார். பெஞ்சில் யாரும் இல்லை. புதுசு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, காலர்ல முடி இருக்கு" என்றான்.

மென்மையான பிரஷை எடுத்து, மாஸ்டரின் பிடரியில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டான். காலரை நீவிச் சரிசெய்தான். வாடிக்கையாளருக்குச் செய்கிற அதே மரியாதையோடு செய்தான். மாஸ்டருக்கு என்னவோ போலிருந்தது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

பிரஷை வைத்துவிட்டு அவனே சொன்னான். "அண்ணே, முதல் தேதியோட நான் நின்னுக்கிறேன்."

"என்னடா திடீர்னு?"

"மீனுக்கு ஐஸ் போடுற கம்பெனில ஆள் எடுக்கறாங்க. எங்க பக்கத்து ஆளுங்கதான் நிறைய."

"ஐஸ் போடப் போறியா? உன் கை என்ன கை! வெறச்சுப் போயிடும்டா."

"இப்ப மட்டும் என்ன செய்யுது அண்ணே? கத்தி புடிச்சு எத்தன நாளாச்சு. என் பொண்ணு போன்ல கேக்குது, அப்பா, நீ அங்க என்ன வேலை பாக்கறேன்னு. நுரை போடறேன்னு சொல்லவா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "ஐஸ் கம்பெனில யாரும் யாருக்கும் கழுத்தை நீட்ட வேண்டியதில்ல. நிம்மதி."

 இவன் போனால் கடை இல்லை. இந்தத் தோளை வைத்துக்கொண்டு தனியாளாக ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: அவருக்கு அவனைப் பிடித்திருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வெந்நீர் வைத்துவிட்டு நிற்கிற அந்த ஆள் இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேரே சாலையைக் கடந்து ரேடியோவின் கடைக்குப் போனார். அங்கே ரேடியோ ஒரு டப்பா பெயின்டைக் கம்பால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உங்களாலதான்" என்றார் மாஸ்டர். "அவன் போறேங்கறான். நீங்க ஒரு தடவை அவன்கிட்ட ஷேவிங் பண்ணிக்கங்க. தெருவே பின்னால வரும். ஒரே தடவை."

ரேடியோ கம்பை நிறுத்தவில்லை. "நீங்க பண்ணிக்கிட்டீங்களா மாஸ்டர்?"

"நானா?"

"இப்பதான் வெட்டிட்டு வர்றீங்க போல. தலை பளிச்சுனு இருக்கு. யாரு வெட்டுனது?"

"அது மச்சான். அது வேற. அது சொந்தம்."

"அதேதான் மாஸ்டர்." ரேடியோ சிரித்தார். அவர் சிரிப்பில் விஷம் இல்லை, அதுதான் மாஸ்டரைக் குத்தியது. "உங்களுக்கு மச்சான், எங்களுக்கு நீங்க. நம்ம கழுத்து நம்ம ஆளுகிட்ட. இதையே நான் சொன்னா நான் கெட்டவன், நீங்க செஞ்சா சொந்தமா?"

மாஸ்டருக்கு ஆத்திரம் வந்தது.  வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். தெருவில் யாருக்கு என்ன வியாதி, யாருக்கு யார்மேல் கடுப்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரேடியோ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டு, "என்ன திமிரு பாத்தியா?" என்று முடித்தார். தன் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

"என்ன நீயும்?"

"ஏங்க, கவுண்டர்ல நின்னா காதுல விழாதா? மாஸ்டரே அவன்கிட்ட தலையைக் கொடுக்கறதில்ல, நமக்கு எதுக்கு வம்புன்னு எத்தனை பேர் பேசிட்டுப் போறாங்க. உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் போறீங்கன்னு நெனச்சேன்."

"உன் தம்பிக்காகத்தான் போறேன். போகலேன்னா கோவிச்சுப்பான்."

"என் தம்பி கோவத்தை நான் பாத்துக்கறேன். அவன் மேல பழியைப் போடாதீங்க." அவள் உட்கார்ந்தாள். "புதுசு வந்து இத்தன நாளாச்சு. நீங்க அவன் நாற்காலில ஒரு தரம்கூட உக்காரல. உக்காரணும்னு தோணவே இல்லியா, இல்ல தோணியும் உக்காரலியா?"

மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். யோசித்துப் பார்த்தால் தோன்றியிருக்கிறது. ஒருமுறை காய்ச்சலில் மச்சான் கடைக்குப் போக முடியாமல், தாடி அரிக்க, கண்ணாடிமுன் நின்று தானே மழித்துக்கொண்டார். வலிக்கிற தோளோடு. புதுசு பக்கத்தில்தான் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிடாதது ஏன் என்று அன்றைக்கு அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கேட்டபோது பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. பெஞ்சு நிரம்பி, ரெண்டு பேர் வாசலில் நின்றார்கள். ரேடியோ இரண்டாவது நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு, நாட்டுநடப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசப் பேச வாயோரத்து நுரை துள்ளியது. முதல் நாற்காலி காலியானது. ரேடியோ துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மாஸ்டர் முந்திக்கொண்டு தானே போய் அதில் உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், அசதியா?" என்றார் ரேடியோ.

"இல்ல, ஷேவிங்" என்றார் மாஸ்டர். கண்ணாடியில் புதுசைப் பார்த்து, "வாடா. உன் கத்தியை எடு" என்றார்.

கடைக்குள் பேப்பர் மடிகிற சத்தம்கூட நின்றது.  புதுசு இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து துணியைப் பிரித்து, கத்தியை எடுத்தான். வெந்நீரில் அலசினான். புது பிளேடு மாட்டினான். மாஸ்டரின் கழுத்தில் துணியைக் கட்டி, முகத்தை ஈரத் துண்டால் ஒற்றி, நுரையைச் சுற்றிச் சுற்றிப் போட்டான். எதிலும் அவசரம் இல்லை.

மாஸ்டருக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். தெருவே பார்க்கிறது. நல்ல காரியம் செய்கிறோம். கன்னத்தில் கத்தி இறங்கியது. என்ன சுகமான கை! மச்சான் கை இதற்குப் பக்கத்தில் நிற்காது. இந்தக் கையைப் போய் நுரைக்கு வைத்திருந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

புதுசு அவர் மோவாயை இரண்டு விரலால் தூக்கினான். கத்தி தாடையைத் தாண்டி, தொண்டைக்கு வந்தது. வந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஏன் நிறுத்தினான் என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. கண்ணாடியில் பார்க்கலாம் என்றால் தலை அண்ணாந்திருந்தது. கூரையில் மின்விசிறி சுற்றுவது மட்டும்தான் தெரிந்தது.

புதுசு குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "அண்ணே, மூச்சு விடுங்க."

அப்போதுதான் மாஸ்டருக்கே தெரிந்தது. மூச்சை அடக்கிப் பிடித்திருந்தார். துணிக்கு அடியில் இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான தொண்டைகளை மழித்தவர் அவர். பயந்த தொண்டை கத்திக்கு எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நரம்பு புடைக்கும், தோல் விறைக்கும், கத்தி வழுக்காமல் தடுக்கும். எந்த ஊர் என்றே தெரியாத அந்தச் சேதியை நம்பியது ரேடியோ மட்டும் இல்லை. இவர் தொண்டையும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும். மச்சான் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பயமும் கூடவே போய்வந்திருக்கிறது.

வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம். மழித்த கன்னம் சுட்டது. மெதுவாக மூச்சை விட்டார். கத்தி நகர்ந்தது.

மழித்து முடித்து, படிகாரக் கல்லைத் தேய்த்து, துண்டால் ஒற்றினான் புதுசு. ஒரு கீறல் இல்லை. மாஸ்டர் எழுந்தார். பெஞ்சுக்காரர்கள் அவர் தொண்டையையே பார்த்தார்கள், எங்கேயாவது ரத்தம் தெரிகிறதா என்று தேடுவதுபோல.

"என் நுரை காயுது மாஸ்டர்" என்றார் ரேடியோ.

"இனிமே நுரை யாரோ, கத்தியும் அவங்கதான்" என்றார் மாஸ்டர். "நான் நுரை போட்டா நான் மழிப்பேன். உங்களுக்கு நுரை போட்டது அவன்."

 ரேடியோ மாஸ்டரையும் புதுசையும் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கடையில் ஆள் இல்லை, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஒரு காதில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் எழுந்து போனார்கள்.

வாசலில் நின்றிருந்த பஸ் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "எனக்கு வண்டி எடுக்கணும்ப்பா. யாரோ ஒருத்தர் சீக்கிரம் மழிச்சு விடுங்க" என்று கண்ணில் பட்ட நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அது இரண்டாவது நாற்காலி. அவருக்கு அதெல்லாம் கவலை இல்லை. உட்கார்ந்தவர் கண்ணை மூடி, கத்தி தொண்டைக்கு வருவதற்குள் லேசாகக் குறட்டையே விட்டுவிட்டார்.

மத்தியானம் கடை ஓய்ந்தது. வழக்கமான சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிதான் வந்திருந்தது. புதுசு தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கிக் கடைசியில் கேட்டார்.

"அப்ப, முதல் தேதி போகமாட்டேல்ல?"

"போகலேன்னு சொல்லலியே அண்ணே."

"அதான் உக்காந்துட்டேனேடா. எல்லாரும் பாத்தாங்களே."

"உக்காந்தீங்க." அவன் விளக்குமாற்றை நிறுத்தினான். "நாளைக்கும் உக்காருவீங்களா?"

"உக்கார்றேன்."

"உக்காருங்க. மூச்சை அடக்காம என்னைக்கு உக்கார்றீங்களோ, அன்னைக்குச் சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பிடரியில் எவ்வளவு குறைக்கட்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். வாயைத் திறந்து இவ்வளவு பேசியதே அவனுக்கு அதிகம். வார்த்தைகளின் கடைசியை அவன் ஊர் வழக்கப்படி நன்றாக இழுத்தே பேசினான். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. 

மறுநாள் காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத்தான் மாஸ்டர் உட்கார்ந்தார், இரண்டாவது நாற்காலியில். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. புதுசு நுரை போட்டான், கன்னங்களை முடித்தான், மோவாயைத் தூக்கினான். கத்தி தொண்டைக்கு வந்தது. மாஸ்டர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். அது பாதியில் நின்றது. எவ்வளவு முயன்றும் நின்றது.

கத்தியும் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பரவால்ல அண்ணே" என்றான் புதுசு. "நாளைக்குப் பாத்துக்கலாம்."